விளையாட்டும் உணவுத் தேர்வும்: சிறார்க்கு நல்லுணவுப் பழக்கம் கற்பிப்பதில் காணொளி விளையாட்டுகள் – சிவகாசி வட்டாரத்தை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

சிறார்க்கு நல்லுணவுப் பழக்கத்தைக் கற்பிக்கக் காணொளி விளையாட்டுகளைப் பயன்படுத்தும் முயற்சிகள் கடந்த இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நடைபெற்று வருகின்றன. அவற்றுள் ஒன்று சென்னைச் சிறாரிடம் சோதிக்கப்பட்டது. இக்கட்டுரை அம்முயற்சியையும் அமெரிக்கா, நெதர்லாந்து ஆகிய நாடுகளில் நிகழ்ந்த ஆய்வுகளையும் ஒப்பிட்டு, அவற்றின் முடிவுகள் சிவகாசி வட்டாரத்திற்கு எவ்வகையில் பொருந்தும் என்பதை விளக்குகிறது. விளையாட்டு சிறாரின் தேர்வைத் திருத்த வல்லது. ஆனால் தேர்ந்தெடுக்க நல்லுணவு கைக்கு எட்டும் தொலைவில் இருந்தால் மட்டுமே அத்திருத்தம் பயன் தரும். ஆகவே காணொளி விளையாட்டு பள்ளி உணவுத் திட்டத்தோடு இணைந்து இயங்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: காணொளி விளையாட்டு, மறைமுகக் கற்றல், உணவுத் தேர்வு, சத்துணவுத் திட்டம், சிவகாசி, பரமபதம்.

1. முன்னுரை

குழந்தைக்கு எது நல்ல உணவு என்று சொல்லிக் கொடுப்பது எளிது. அதனை விரும்பி உண்ணச் செய்வது அரிது. கீரை உடலுக்கு நல்லது என்பதை அறியாத பள்ளிக் குழந்தை இல்லை. அதே குழந்தை தட்டின் ஓரத்தில் கீரையை ஒதுக்கி வைப்பதும் நாள்தோறும் காணும் காட்சியே. அறிவுக்கும் பழக்கத்திற்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியே உணவுக் கல்வியின் அடிப்படைச் சிக்கல் ஆகும். பாடநூலும் சுவரொட்டியும் அறிவைத் தருகின்றன. பழக்கத்தைத் தருவது யாது என்ற வினாவுக்கு விடை தேடியவர்களுள் ஒரு சாரார் காணொளி விளையாட்டை நாடினர்.

தமிழ்நாட்டுச் சிறாரின் ஊட்ட நிலை இரு முனைகளிலும் கவலை தருவதாக உள்ளது. 2019–21 ஆம் ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, மாநிலத்தில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் 25 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையிலான குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். அதே கணக்கெடுப்பில், வயது வந்த பெண்களுள் 40.4 விழுக்காட்டினர் மிகை எடை அல்லது உடற்பருமன் உடையவர்களாகக் காணப்படுகின்றனர். ஒரே வீட்டில் குழந்தை இரத்தசோகையாலும் தாய் உடற்பருமனாலும் துன்புறும் நிலை உருவாகலாம் என்பதை இவ்வெண்கள் உணர்த்துகின்றன. இங்குத் தேவைப்படுவது ‘குறைவாக உண்’ என்னும் அறிவுரை அன்று. ‘எதை எதனோடு உண்பது’ என்னும் தேர்வறிவே ஆகும்.

2. விளையாட்டுவழிக் கற்பித்தல்: தமிழ் மரபு

விளையாட்டின் வழியே ஒழுக்கம் கற்பிப்பது தமிழர்க்குப் புதிதன்று. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நான்கு நிலைக்களன்களுள் விளையாட்டையும் ஒன்றாகக் கூறுகிறது. உவகை பிறக்கும் இடத்தில் மனம் இளகி நிற்கும். இளகிய மனத்தில் கருத்து எளிதில் பதியும்.

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடப்பெறும் பரமபதம் இதற்குத் தக்க சான்றாகும். அதன் ஏணிகள் நற்குணங்களையும் பாம்புகள் தீக்குணங்களையும் சுட்டுவன. ஆடுவோர்க்கு யாரும் அறவுரை பகர்வதில்லை. காய் ஏறும்போது உண்டாகும் மகிழ்ச்சியும் பாம்பின் வாயில் விழும்போது உண்டாகும் ஏமாற்றமும் அப்பணியைச் செய்கின்றன. இன்றைய கல்வியுளவியலார் ‘மறைமுகக் கற்றல்’ என்று வழங்குவதற்கு இது மிக நெருங்கியதாகும். கற்பவர் தாம் கற்கிறோம் என்பதை உணராமலேயே ஓர் ஒழுங்கை உள்வாங்கிக்கொள்வதே மறைமுகக் கற்றல்.

எனினும் பரமபதத்திற்கும் காணொளி விளையாட்டிற்கும் இடையே ஓர் இன்றியமையாத வேறுபாடு உண்டு. பரமபதத்தில் ஏற்றமும் இறக்கமும் தாயக்கட்டையின் செயல். ஆடுபவர் தேர்ந்தெடுப்பது எதுவும் இல்லை. காணொளி விளையாட்டிலோ ஒவ்வொரு நொடியும் ஆடுபவர் ஒன்றைத் தேர்கிறார், அதன் விளைவை அக்கணமே காண்கிறார், மீண்டும் தேர்கிறார். உணவுப் பழக்கம் என்பதும் இத்தகைய சிறுசிறு தேர்வுகளின் தொகுப்பே. காணொளி விளையாட்டு உணவுக் கல்விக்கு ஏற்ற கருவியாகக் கருதப்படுவதற்கு இந்த ஒப்புமையே காரணம்.

3. சென்னையில் நிகழ்ந்த ஆய்வு

இத்துறையில் தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புடையது ‘ஃபூயா’ என்னும் திறன்பேசி விளையாட்டு ஆகும். இதனை உருவாக்கிய ஃபிரெண்ட்ஸ்லேர்ன் நிறுவனத்தைத் தோற்றுவித்தவர், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் பயின்ற பார்கவ் ஸ்ரீபிரகாஷ். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு இணைந்து இவ்விளையாட்டின் பயனை அவர் ஆராய்ந்தார். விளையாட்டில் உணவு ஒரு கருவியாக வருகிறது. எவ்வுணவு எத்தகைய விளைவைத் தரும் என்பதை ஆட்டத்தின் போக்கிலேயே குழந்தை கண்டுகொள்கிறது. தனியே பாடம் புகட்டப்படுவதில்லை.

சென்னையில் 10 முதல் 11 வயது வரையுள்ள 104 சிறார் இவ்வாய்வில் பங்கேற்றனர். அவர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழு ஃபூயாவை ஆடியது. மற்றொரு குழு உணவோடு தொடர்பில்லாத வேறொரு விளையாட்டை ஆடியது. ஆட்டம் முடிந்ததும் இரு குழுவினர் முன்பும் பலவகைத் தின்பண்டங்கள் வைக்கப்பட்டு, விரும்பியதை எடுத்துக்கொள்ளுமாறு கூறப்பட்டது. ஃபூயா ஆடியவர்கள் ஒப்பீட்டுக் குழுவினரை விட நல்லுணவையே மிகுதியாகத் தேர்ந்தெடுத்தனர். இவ்வாய்வு 2020 ஆம் ஆண்டு ‘ஜேஎம்ஐஆர் எம்ஹெல்த் அண்ட் யூஹெல்த்’ என்னும் ஆய்விதழில் வெளிவந்தது.

இவ்வாய்வின் சிறப்பு அதன் அளவுகோலில் உள்ளது. ‘நீ எதை உண்பாய்?’ என்று வினவி விடை பெறாமல், உண்மையான உணவை முன்வைத்து எது எடுக்கப்படுகிறது என்பதை அது நோக்கியது. அதே வேளையில் மூன்று வரம்புகளையும் கருத வேண்டும். முதலாவது, குறுகிய நேர ஆட்டத்தை அடுத்து உடனடியாகவே தேர்வு அளக்கப்பட்டது. அத்தேர்வு பழக்கமாக நிலைபெறுமா என்பது வேறு வினா. இரண்டாவது, விளையாட்டை உருவாக்கியவரே ஆய்வாசிரியர்களுள் ஒருவராகவும் உள்ளார். மருந்து ஆய்வுகளில் உற்பத்தியாளரின் பங்கேற்பை எவ்வளவு விழிப்போடு நோக்குகிறோமோ அவ்வளவு விழிப்பு இங்கும் தேவை. மூன்றாவது, நல்லுணவும் அல்லாத உணவும் ஒருசேரக் குழந்தையின் முன் வைக்கப்பட்டன. இரண்டும் விலையின்றிக் கிடைத்தன. இம்மூன்றாவது வரம்பே நம் விவாதத்திற்கு மிக முதன்மையானது. சிவகாசிச் சூழலை ஆராயும்போது இதற்கு மீண்டும் வருவோம்.

இம்முயற்சியை அதன் உருவாக்குநர்கள் ‘டிஜிட்டல் தடுப்பூசி’ என்று வழங்குகின்றனர். கவர்ச்சியான இப்பெயர் ஓர் உண்மையை மறைக்கக் கூடும். தடுப்பூசி உடலுக்குள் சென்றபின் அக்குழந்தை எத்தெருவில் வாழ்ந்தாலும் காக்கும். விளையாட்டால் பெற்ற தேர்வறிவோ தெருவில் என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே செயற்படும்.

4. பிற நாட்டு ஆய்வுகள் தரும் படிப்பினை

சென்னை ஆய்வு விடையளிக்காத நீடிப்பு பற்றிய வினாவுக்கு, அதற்கு முன்னரே அமெரிக்காவில் நிகழ்ந்த ஆய்வுகள் ஓரளவு ஒளி தருகின்றன. ஹியூஸ்டன் நகரின் பேய்லர் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாம் பரனோவ்ஸ்கியும் குழுவினரும் ‘ஸ்கொயர்ஸ் குவெஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டை உருவாக்கினர். ஒரு நாட்டின் பழ, காய்ப் பயிர்களை அழிக்க வரும் பகைவரிடமிருந்து அந்நாட்டைக் காக்கும் வீரனாகப் பயிற்சி பெறுவதே குழந்தை ஏற்கும் பாத்திரம். 26 தொடக்கப் பள்ளிகளைச் சேர்ந்த 1,578 நான்காம் வகுப்பு மாணவர்கள் ஆய்வில் இடம்பெற்றனர். ஐந்து வாரங்களில் பத்து அமர்வுகள் நடத்தப்பட்டன. விளையாடிய மாணவர்கள் மற்றவர்களைக் காட்டிலும் நாளொன்றுக்கு ஒரு பங்கு அளவு கூடுதலாகப் பழம், பழச்சாறு, காய்கறி உண்டதாக 2003 ஆம் ஆண்டு வெளியான முடிவுகள் கூறின. ஆட்டத்தோடு நில்லாமல், வீட்டில் செய்ய வேண்டிய சிறு இலக்குகளையும் மாணவர்கள் வகுத்துக்கொள்ளுமாறு அவ்விளையாட்டு அமைக்கப்பட்டிருந்தது.

அதே குழுவினர் பின்னர்ப் பெரும் பொருட்செலவில் ‘எஸ்கேப் ஃப்ரம் டையப்’, ‘நானோஸ்வார்ம்’ ஆகிய இரு விளையாட்டுகளை உருவாக்கினர். 2011 ஆம் ஆண்டு வெளியான முடிவுகளின்படி, பழம், காய்கறி உண்ணும் அளவு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.67 பங்கு கூடியது. ஆனால் நீர் அருந்துதல், உடலுழைப்பு, உடலமைப்பு ஆகியவற்றில் மாற்றம் காணப்படவில்லை. விளையாட்டின் படத்தரமும் கதையழகும் உயர்ந்தன. விளைவு அதற்கேற்ப உயரவில்லை. விளையாட்டின் ஆற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இம்முடிவு காட்டுகிறது.

எச்சரிக்கை தரும் ஆய்வு நெதர்லாந்திலிருந்து வருகிறது. உணவு நிறுவனங்கள் தம் பண்டங்களை விளம்பரப்படுத்துவதற்காகவே சிறார்க்கென விளையாட்டுகளை உருவாக்கி இணையத்தில் இலவசமாக வழங்குவதுண்டு. இத்தகைய விளம்பர விளையாட்டுகளின் விளைவை ஃபிரான்ஸ் ஃபோல்க்வோர்டும் குழுவினரும் ஆராய்ந்து 2013 ஆம் ஆண்டு வெளியிட்டனர். தின்பண்டத்தை விளம்பரப்படுத்திய விளையாட்டை ஆடிய சிறார் மிகுதியாகத் தின்பண்டம் உண்டனர். பழத்தை விளம்பரப்படுத்திய விளையாட்டை ஆடியவர்களோ பழத்தை மிகுதியாக உண்ணவில்லை. அவர்களும் தின்பண்டத்தையே நாடினர். உணவுப் படம் திரையில் தோன்றும்போது பசியுணர்வு தூண்டப்படுகிறது. தூண்டப்பட்ட பசி, கையருகே உள்ளவற்றுள் சுவை மிகுந்ததையே நாடுகிறது. பழத்தின் படத்தைக் காட்டினால் பழம் உண்பர் என்னும் எளிய கணக்கு இங்குப் பொய்த்துப் போகிறது.

மூன்று ஆய்வுகளையும் ஒருங்கே நோக்கினால் ஒரு கருத்து தெளிவாகிறது. உணவைக் காட்டுவது மட்டும் போதாது. தேர்வும் விளைவும் ஆட்டத்தின் உயிராக இருக்க வேண்டும். ஆட்டம் முடிந்த கையோடு கிடைப்பது நல்லுணவாகவும் இருக்க வேண்டும்.

5. சிவகாசி வட்டாரச் சூழல்

இவ்விரு நிபந்தனைகளையும் சிவகாசி வட்டாரத்தில் பொருத்திப் பார்ப்போம். விருதுநகர் மாவட்டத்தின் கரிசல் மண்ணும் குறைந்த மழையும் வேளாண்மையைச் சுருக்கின; பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய தொழில்கள் அவ்விடத்தை நிரப்பின. பட்டாசு ஆலைகளில் பெண்கள் பெருமளவில் பணிபுரிகின்றனர். பல பணிகளில் செய்து முடித்த எண்ணிக்கைக்கு ஏற்பவே கூலி கணக்கிடப்படுகிறது. தாயும் தந்தையும் காலையிலேயே வேலைக்குச் செல்லும் வீட்டில், பிள்ளையின் மாலைப் பசிக்கு விடையாக அமைவது பெரும்பாலும் கையில் கொடுக்கப்படும் சில்லறைக் காசும் தெருமுனைப் பெட்டிக்கடையில் சரம் சரமாகத் தொங்கும் தின்பண்டப் பொட்டலமுமே. இதனைப் பெற்றோரின் அறியாமை என்று கூறுவது பிழை. அது நேரத்தின் பற்றாக்குறை.

இன்னொரு கூறும் நோக்கத்தக்கது. தீப்பெட்டி ஒட்டுப்படம், நாட்காட்டி, பெட்டி, உறை என வண்ண அச்சினால் பெயர் பெற்ற ஊர் சிவகாசி. ஒரு படம் வாங்குவோரின் கையை எவ்வாறு ஈர்க்கும் என்பது இவ்வூரின் தொழிலறிவு. பளபளக்கும் பொட்டலமும் அதனுள் வைக்கப்படும் இலவச விளையாட்டுப் பொருளும் மறைமுகக் கற்றலின் கருவிகளே. அவை கற்பிப்பது வேறு பாடம். ஆகவே சிவகாசிக் குழந்தைக்கு உணவுத் தேர்வு ஏற்கெனவே கற்பிக்கப்பட்டு வருகிறது. காணொளி விளையாட்டு வெற்றிடத்தில் நுழைவதில்லை. போட்டிக் களத்தில் நுழைகிறது.

இப்போட்டியில் பள்ளியின் பக்கம் வலுவானது. விருதுநகரில் வீடுதோறும் நாள்தோறும் எடுத்து வைத்த பிடியரிசியைக் கொண்டு பள்ளி நடத்திய வரலாறு உண்டு. அவ்வாறு வளர்ந்த சத்திரிய வித்யாசாலையில் பயின்ற காமராசர், முதலமைச்சராக இருந்தபோது 1956 ஆம் ஆண்டு மதிய உணவுத் திட்டத்தை மாநிலமெங்கும் கொண்டு சென்றார். ஊரார் அரிசி கொடுத்துப் பள்ளி நடத்தினர். பின்னர்ப் பள்ளி சோறு கொடுத்துப் பிள்ளைகளை வரவழைத்தது. 1982 ஆம் ஆண்டு ம.கோ. இராமச்சந்திரன் அரசு அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவாக்கியது. பின்னர் முட்டையும் பயறு வகைகளும் சேர்க்கப்பட்டன. 2022 ஆம் ஆண்டு மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், 2023 ஆம் ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிவடைந்தது.

குழந்தைத் தொழிலாளர் சிக்கலை இவ்வட்டாரம் எதிர்கொண்ட விதமும் இதனோடு ஒப்பிடத்தக்கது. 1988 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகளில் கல்வியோடு மதிய உணவும் வழங்கப்பட்டது. அறிவுரை மட்டும் குழந்தையை ஆலையிலிருந்து மீட்கவில்லை. உணவு, சட்டம், பள்ளி ஆகிய மூன்றும் சேர்ந்தே அப்பணிக்குத் துணை நின்றன. உணவுப் பழக்கத்திற்கும் இதுவே பொருந்தும்.

6. விளையாட்டு அமைய வேண்டிய முறை

மேற்கூறியவற்றின் அடிப்படையில், இவ்வட்டாரத்திற்கென ஒரு விளையாட்டு உருவாக்கப்படுமாயின் அதில் கருத வேண்டியவற்றை இனிக் காண்போம்.

அ. உணவு வட்டார உணவாக இருத்தல். அயல்நாட்டு விளையாட்டுகளில் வரும் புரோக்கோலியும் ஆப்பிளும் இங்குப் பயன்படா. கம்பங்கூழ், குதிரைவாலிச் சோறு, முருங்கைக்கீரை, நிலக்கடலை, கொண்டைக்கடலைச் சுண்டல், கொய்யா, நெல்லி ஆகியவை இம்மண்ணில் விளைபவை அல்லது எளிதில் கிடைப்பவை. விருதுநகர் மாவட்டம் குதிரைவாலி விளையும் பகுதிகளுள் ஒன்று என்பதும் நினைவிற்குரியது. குழந்தை திரையில் கண்டதை மறுநாள் தட்டிலோ சந்தையிலோ காண வேண்டும்.

ஆ. சேர்க்கையே ஆட்டவிதியாக இருத்தல். இரத்தசோகை மிகுந்த மாநிலத்தில் இரும்புச்சத்தே முதன்மையானது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை; வைட்டமின் ‘சி’ நிறைந்த நெல்லியோ கொய்யாவோ எலுமிச்சையோ உடன் சேர்ந்தால் ஏற்பு கூடுகிறது. உணவோடு தேநீர் அருந்தினால் ஏற்பு குறைகிறது. இவ்வுண்மை ஆட்டவிதியாக மாறுவதற்கு மிகவும் ஏற்றது. கீரையையும் நெல்லியையும் சேர்ப்பவர்க்கு ஏற்றம். உணவின்மேல் தேநீரை ஊற்றுபவர்க்கு இறக்கம். பரமபதத்தின் ஏணியும் பாம்பும் இங்குப் புதுவடிவம் பெறுகின்றன. ஆனால் இம்முறை ஏறுவதும் இறங்குவதும் ஆடுபவரின் தேர்வால் நிகழ்கின்றன.

இ. உடலையும் ஊருணவையும் இழிவுபடுத்தாமை. பருத்த உடலைக் கேலிப் பொருளாக்கும் காட்சி, வகுப்பிலுள்ள குழந்தையைக் கேலிக்கு ஆளாக்கும். அவ்வாறே சாத்தூர்ச் சேவும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் விருதுநகர் எண்ணெய்ப் புரோட்டாவும் இவ்வட்டாரத்தின் அடையாளங்கள். பல குடும்பங்களின் பிழைப்பும் அவையே. அவற்றைப் பகையாகச் சித்திரித்தால் குழந்தை விளையாட்டை நம்பாது. ‘என்றாவது, அளவோடு’ என்னும் இடத்தில் அவற்றை வைப்பதே முறை. அளவறிந்து உண்ணுதல் என்பது திருக்குறளின் மருந்து அதிகாரம் வலியுறுத்தும் அறிவுமாகும்.

ஈ. கூடி ஆடுதல். ஆளுக்கொரு கருவி என்பது நடைமுறைக்கு ஒவ்வாது. பள்ளியிலுள்ள ஒரு கணினியிலோ பெருந்திரையிலோ குழுவாக ஆடும் வகையில், இணைய இணைப்பின்றி இயங்கும் வகையில், தமிழ்க் குரலோடு விளையாட்டு அமைய வேண்டும். நேர வரம்பு விளையாட்டினுள்ளேயே இருத்தல் நன்று. நல்லுணவு கற்பிக்கப் புகுந்த கருவி, பிள்ளையைத் திரைக்கு அடிமையாக்கிவிடலாகாது.

7. பள்ளி உணவோடு இணைத்தலும் மதிப்பிடலும்

சென்னை ஆய்வின் மூன்றாவது வரம்புக்கு இங்கு மீள்வோம். அங்கு நல்லுணவு குழந்தையின் முன் விலையின்றி வைக்கப்பட்டிருந்தது. சிவகாசியில் அந்நிலை இயல்பாகவே நிலவும் இடம் ஒன்று உண்டு. அது சத்துணவுக் கூடம். எனவே மதிய உணவுக்கு முந்தைய பாடவேளையே விளையாட்டுக்குரிய நேரமாகும். திரையில் தூண்டப்பட்ட பசி, நெதர்லாந்து ஆய்வில் கண்டது போல் பொட்டலத்தை நாடாமல், தட்டிலுள்ள முட்டையையும் பயறையும் காயையும் நாடும். அதே ஆட்டத்தை மாலையில் வீட்டில் ஆடினால் பயன் எதிர்மாறாகவும் அமையலாம்.

பள்ளி வாயிலுக்கு வெளியே உள்ள சூழலும் உடன் மாற வேண்டும். கொழுப்பும் சர்க்கரையும் உப்பும் மிகுந்த உணவுகளைப் பள்ளி வளாகத்திலும் அதனைச் சுற்றி 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்கத் தடை விதிக்கும் விதிமுறைகளை இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2020 ஆம் ஆண்டு வெளியிட்டது. அவ்விதி செயற்படும் இடத்தில்தான் விளையாட்டு கற்பித்த தேர்வு மாலை மணி அடித்த பின்னும் உயிரோடு இருக்கும்.

விளைவை அளக்கும் முறையும் எளியதாக இருக்கலாம். உணவு முடிந்தபின் தட்டுகளில் எஞ்சும் காயையும் கீரையையும் முட்டையையும் எடையிட்டுக் குறித்து வந்தால், வினாநிரலை விட நம்பகமான சான்று கிடைக்கும். விளையாட்டு அறிமுகப்படுத்தப்பட்ட பள்ளிகளையும் அல்லாத பள்ளிகளையும் ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒப்பிட வேண்டும். அம்மதிப்பீட்டை விளையாட்டை உருவாக்கியவர்கள் அல்லாத வேறொரு குழு செய்ய வேண்டும். 2018 ஆம் ஆண்டு முதல் விருதுநகர் ‘முன்னேற விழையும் மாவட்டங்கள்’ திட்டத்தில் இடம்பெற்றுள்ளது. அத்திட்டம் உடல்நலம்–ஊட்டம், கல்வி ஆகிய இரண்டையும் முதன்மைக் கூறுகளாகக் கொண்டு அளவிடுகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இத்தகைய முயற்சிக்கு இம்மாவட்டம் தக்க களமாகும். வட்டாரக் கல்லூரிகளின் மனையியல், கணினி அறிவியல், தமிழ்த் துறைகள் இணைந்து இதனை மேற்கொள்ள இயலும். உணவுப் பெயர்களும் வட்டார வழக்கும் கதையும் தேவைப்படுவதால் தமிழ்த் துறையின் பங்கு மொழிபெயர்ப்போடு முடிவதன்று.

8. முடிவுரை

காணொளி விளையாட்டு சிறாரின் உணவுத் தேர்வைச் சிறிதளவேனும் நன்னெறிப்படுத்த வல்லது என்பதற்குச் சென்னை, ஹியூஸ்டன் ஆய்வுகள் சான்று பகர்கின்றன. உணவுப் படம் மட்டுமே கொண்ட விளையாட்டு பயனற்றுப் போவதோடு தீங்கும் தரலாம் என்பதை நெதர்லாந்து ஆய்வு உணர்த்துகிறது. விளையாட்டு கற்பிப்பது தேர்வை. தேர்வுக்குரிய உணவைத் தருவது சமூகத்தின் கடமை. இரண்டாவதைச் செய்யாமல் முதலாவதை மட்டும் செய்வது, சில்லறைக் காசோடு கடை முன் நிற்கும் குழந்தையின் மேல் முழுப் பொறுப்பையும் சுமத்துவதாகும்.

சிவகாசி வட்டாரத்தில் அவ்வுணவு நாள்தோறும் பள்ளிகளில் சமைக்கப்படுகிறது. அதனைக் குழந்தை விரும்பி உண்ணச் செய்யும் பணி எஞ்சியுள்ளது. வட்டார உணவும் தமிழ்க் குரலும் கொண்ட ஒரு விளையாட்டு, மதிய மணிக்கு முன் இருபது நிமிடம் கூடி ஆடப்பெற்றால், அப்பணியில் ஆசிரியர்க்கும் சத்துணவுப் பணியாளர்க்கும் துணை நிற்கும்.